ஐன்ஸ்டைன் வயிற்றில் சுற்றிய செலோஃபேன்

இன்னைக்கு ஒரு குழாயின் கதை. நம்ம எல்லார் வயிற்றிலும், முதுகெலும்புக்கு முன்னால், சுமார் 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஓடுகிற பெருந்தமனி. இதயத்திலிருந்து கால்வரை போகும் ரத்தத்துக்கு அதுதான் மெயின் ரோடு. அதன் சுவர் பலவீனமாகி, பலூன் மாதிரி வீங்கினால் அதற்குப் பெயர் அனியூரிசம். பெரும்பாலும் வலியே இருக்காது. வெடித்தால் பிழைப்பது அபூர்வம்.

1948 டிசம்பர் கடைசி. நியூயார்க் புரூக்ளினில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு ஆபரேஷன். வயிற்றைத் திறந்த சர்ஜன் ருடால்ஃப் நிஸ்ஸன் பார்த்தது, வீங்கிய பெருந்தமனி. வெட்டி எடுத்துவிட்டு அங்கே வைக்க அப்போது நம்பகமான மாற்றுக்குழாய் கிடையாது. அதனால் அவர் வீக்கத்தின் மேல் செலோஃபேன் தாளைச் சுற்றினார். ஆமா, கிஃப்ட் பேக் பண்ணுற அதே வகைத் தாள்தான். அந்தத் தாள் உறுத்தும். உறுத்தினால் உடம்பு அழற்சியை உண்டாக்கி, அந்த இடத்தில் தழும்புத் திசுவை வளர்க்கும். அந்தத் தழும்பு சுவரைக் கெட்டியாக்கும் என்பது கணக்கு. ஐன்ஸ்டைன் அதற்குப்பின் ஆறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் கசியத் தொடங்கியபோது இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

‘அழற்சியை உண்டாக்கி’ என்ற வார்த்தையை மனசில் வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

1951 மார்ச்சில் பாரிஸில் சார்ல் துபோஸ்ட் வயிற்று அனியூரிசத்தை முழுதாக வெட்டி எடுத்து, இறந்துபோன ஒருவரின் தமனியை அங்கே தைத்தார். அது வேலை செய்தது. ஆனால் இப்படி வைத்த தமனிகள் வருடங்கள் போகப்போகக் கெட்டன. இன்னொரு பக்கம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ், நாயின் இதயத்துக்குள் இருந்த பட்டு நூலின் மேல் வழவழப்பான படலம் வளர்ந்திருந்ததைக் கவனித்தார். நூலை உடம்பு மூடிக்கொள்ளும் என்றால் துணியையும் மூடிக்கொள்ளும் இல்லையா? அங்கிருந்து செயற்கைத் துணிக்குழாய் பிறந்தது. ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி டேக்ரான் துணியை வாங்கி, தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். அதன் வாரிசுகள் இன்றும் பயன்படுகின்றன.

இதோடு கதை முடிந்திருக்கணும். முடியவில்லை. காரணம், எல்லா அனியூரிசமும் ஒரே மாதிரி இல்லை. ரெண்டு முரட்டு வகைகள் உண்டு.

முதல் வகை, அழற்சி அனியூரிசம். 1972இல் வாக்கர் என்பவரும் சக மருத்துவர்களும் பிரிட்டனில் இதைத் தனி வகையாக விவரித்தார்கள். பல மருத்துவமனைகளின் கணக்கில் இது 100 அனியூரிசத்துக்கு 3 முதல் 10 வரை. வயிற்றைத் திறந்தால் வெள்ளையாக, பளபளப்பாக, கெட்டியான ஒரு ஓடு தெரியும். நிஸ்ஸன் செலோஃபேன் சுற்றி வரவழைக்க நினைத்ததை இங்கே உடம்பு தானாகவே செய்திருக்கும்! ஆனால் அது பாதுகாப்புக் கவசம் இல்லை. தழும்பு அதிகமாக வளர்வது முன்பக்கமும் பக்கவாட்டிலும்தான். பின்சுவர் மெல்லிசாக இருந்தால் அங்கே வெடிக்கலாம். அதோடு, அந்த ஓடு சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தையும், பெரிய சிரைகளையும், சில நேரம் சிறுநீர்க்குழாய்களையும் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும்.

குடலை உரித்து எடுத்துவிட்டுத்தான் தமனியைத் தொட முடியும் என்று தோன்றும். அப்படி உரித்தால் குடல் கிழியும். சர்ஜன்கள் கற்ற பாடம்: உரிக்காதே. ஒட்டியிருப்பது அப்படியே இருக்கட்டும். மேலே நல்ல தமனி இருக்கும் இடத்தில் கிளாம்ப் போடு, அல்லது இடது விலாப்பக்கமாகப் பின்னாலிருந்து போ, வீக்கத்தைத் திறந்து உள்ளுக்குள் துணிக்குழாயைத் தை. பல நோயாளிகளில் அதற்குப்பின் அழற்சி தானாகக் குறையும். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவற்றில் ஒரு பகுதி ஐஜிஜி4 தொடர்பான நோய் என்று காட்டினார்கள். அது ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும்.

ரெண்டாவது வகை, தொற்று அனியூரிசம். 1885இல் லண்டனில் வில்லியம் ஆஸ்லர் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதை ‘மைக்காட்டிக்’ என்றார். பூஞ்சை மாதிரி தெரிந்ததால் வந்த பெயர். இப்போதும் அந்தப் பெயர்தான், ஆனால் பெரும்பாலும் காரணம் பாக்டீரியா. ஸ்டாஃபைலோகாக்கஸ், சால்மொனெல்லா. இது அரிது, ஆனால் வேகமாக வளரும், சின்ன சைஸிலேயே வெடிக்கும்.

இங்கே விதி தலைகீழ். கெட்டுப்போன திசுவில் எதையும் மிச்சம் வைக்காதே. புதிதாகத் துணியும் வைக்காதே, கிருமி அதில் குடியேறிவிடும். அப்போ காலுக்கு ரத்தம் எப்படிப் போகும்? 1963இல் அமெரிக்காவின் பிளெய்ஸ்டெலும் ஹாலும், தோளுக்குக் கீழே ஓடும் தமனியிலிருந்து தொடை இடுக்கு வரை, தோலுக்கு அடியில் ஒரு குழாயைக் கொண்டுபோவதை விவரித்தார்கள். பழைய சர்வரை நிறுத்துவதற்கு முன் டிராஃபிக்கை வேறு வழியில் திருப்பிவிடுவோமே, அதே லாஜிக். வயிற்றுக்குள் தமனியை வெட்டி, முனையைத் தைத்து மூடலாம். சிக்கல் அந்த முனையில்தான். கிருமி அதை அரித்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ தையல் வெடித்துவிடும்.

அதனால் 1990களில் டல்லஸிலும் பெல்ஜியத்தின் லூவனிலும் சர்ஜன்கள் வேறு வழி எடுத்தார்கள். நோயாளியின் தொடையிலிருந்தே ஆழமான சிரைகளை எடுத்து, அதே இடத்தில் பெருந்தமனியாகத் தைத்தார்கள். வேறு சிலர் உறைநிலையில் பாதுகாத்த, இறந்தவரின் தமனிகளை வைத்தார்கள். கவனிச்சீங்களா? நாற்பது வருடம் கழித்து மறுபடி துபோஸ்ட்டின் இடத்துக்கே வந்துவிட்டோம். துணி எங்கே தோற்றதோ, அங்கே மனிதத் திசு மறுபடி வேலைக்கு வந்தது.

இப்போ உயிர் போகிற சிக்கல் எங்கே என்றால், வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரி தெரியலாம். வயிற்றிலோ முதுகிலோ வலி, எடை குறைவு, ரத்தப் பரிசோதனையில் அழற்சி. ஒன்றுக்கு ஸ்டீராய்டு மருந்து. இன்னொன்றுக்கு அதே ஸ்டீராய்டு கிருமிக்கு வழிவிடும். ஸ்கேன் உதவும், பிளட் கல்ச்சர் உதவும், ஆனால் தொற்று இருந்தும் கல்ச்சரில் கிருமி வளராத கேஸ்கள் உண்டு. ஒரு சர்ஜன் ‘தொடாதே’யா, ‘மிச்சம் வைக்காதே’யா என்று முடிவெடுப்பது இப்படிப்பட்ட அரைகுறைத் தகவலோடுதான்.

கடைசித் திருப்பம். 1990இல் புவெனஸ் ஐரஸில் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமல் தொடைத் தமனி வழியாகத் துணிக்குழாயை உள்ளே அனுப்பிப் பொருத்தினார். தொற்று உள்ள இடத்தில் இதைச் செய்வது இதுவரை சொன்ன எல்லா விதிக்கும் எதிர். ஆனாலும் பெரிய ஆபரேஷன் தாங்காத நோயாளிகளுக்குச் செய்து பார்த்தார்கள். 2016இல் வெளியான ஸ்வீடன் தேசிய ஆய்வு, 132 தொற்று நோயாளிகளைப் பார்த்தது. இந்த வழியில் போனவர்களில் ஆரம்ப மாதங்களில் அதிகம் பேர் பிழைத்தார்கள், நீண்ட காலத்திலும் தெளிவான பாதகம் தெரியவில்லை. கூடவே ஆன்டிபயாட்டிக் மாதக்கணக்கில், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. விவாதம் இன்னும் முடியவில்லை.

எனக்கு இதில் பிடித்தது, இந்தத் துறையில் எந்த விதியும் புனிதமாக இருக்கவில்லை என்பதுதான். பழைய வழி திரும்ப வந்தது, தடை செய்த வழி சிலரைக் காப்பாற்றியது.

போறதுக்கு முன்னாடி ஒன்று. பிரிட்டனில் ஆண்களுக்கு 65 வயதில் வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு அழைப்பு வரும். உங்க வீட்டில் அந்த வயதைத் தாண்டிய, சிகரெட் பழக்கம் இருந்த அப்பாவோ மாமாவோ இருந்தால் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. வலிக்காத டெஸ்ட், சில நிமிஷம்தான். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.