ஊட்டி அளவு உயரம்தான்... ஆனா உலக சாம்பியன்கள் குவியும் ஊர்! கென்யாவின் இட்டென் ரகசியம் என்ன?

தூத்துக்குடி மாவட்டத்தில் எப்போதும்வென்றான் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயரிலேயே வெற்றி! கென்யாவிலும் அப்படி ஒரு ஊர் உண்டு. ஊருக்குள் நுழைந்ததுமே 'சாம்பியன்களின் வீடு' என்ற வளைவுதான் வரவேற்கும். அதன் பெயர் இட்டென். நீண்ட தூர ஓட்டப் பயிற்சிக்கு உலகப் புகழ் பெற்ற இந்த மலையூரில் அப்படி என்னதான் இருக்கு?

எங்கே இருக்கிறது இட்டென்?

மேற்கு கென்யாவில், எல்டோரெட் நகருக்குப் பக்கத்தில், பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது. உயரம் சுமார் 2,400 மீட்டர். நம்ம ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஏறக்குறைய ஒரே உயரம்தான். சுற்றிலும் விவசாய நிலம், செம்மண் சாலைகள். விடிஞ்சதும் அந்தச் சாலைகளில் கூட்டம் கூட்டமாக ஓடுவார்கள்.

உயரத்துக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும். இட்டெனில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோர ஊர்களை விட சுமார் கால்வாசி குறைவு. இதைச் சமாளிக்க சிறுநீரகம் ஈபிஓ என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அதனால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். பிறகு சமவெளியில் ஓடும்போது தசைகளுக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். இந்தப் பலன் வர மூன்று, நான்கு வாரப் பயிற்சியாவது தேவை. கீழே இறங்கிய சில வாரங்களில் அது மெல்லக் குறைந்துவிடும்.

அப்போ ஊட்டியில ஓடினா போதுமா?

போதாது. ஊட்டியிலும் இந்திய ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடந்திருக்கின்றன. இட்டெனை மாற்றியது உயரம் மட்டுமல்ல, ஒரு பள்ளிக்கூடமும்தான்.

அயர்லாந்தைச் சேர்ந்த கோல்ம் ஓ'கானல், 1976-ல் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளிக்கு புவியியல் ஆசிரியராக வந்தார். தடகளப் பயிற்சி எதுவும் பெறாதவர். மாணவர்களை ஓடவிட்டு, கவனித்து, தானும் கற்றுக்கொண்டார். அந்தப் பள்ளியில் படித்த பீட்டர் ரோனோ, 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். ஓ'கானலிடம் பயிற்சி பெற்ற டேவிட் ருடிஷா, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

1999-ல் ஓட்ட வீராங்கனை லோர்னா கிப்லகட் இங்கே பயிற்சி மையம் தொடங்கினார். பிரிட்டனின் மோ ஃபரா போன்ற வெளிநாட்டு நட்சத்திரங்களும் பயிற்சிக்கு வந்தார்கள். புதுசா வர்ற பையன் சாம்பியன்களோடு ஒரே ரோட்டில் ஓடலாம் என்பதுதான் இந்த ஊரின் பெரிய பலம்.

எல்லாம் நல்ல கதைதானா?

இல்லை. வறுமையிலிருந்து வெளியேற ஓட்டம்தான் ஒரே வழி என்று நினைக்கும்போது ஆபத்தும் கூடவே வருகிறது. உயரம் தரும் அதே ஈபிஓ-வை ஊசி மூலம் ஏற்றிக்கொள்வது தடை செய்யப்பட்ட குற்றம். கென்யாவில் ஊக்கமருந்து வழக்குகள் தொடர்கின்றன. 2024 சிகாகோ மாரத்தானில் பெண்கள் உலக சாதனை படைத்த ரூத் செப்ன்கெடிச், வேறொரு தடை மருந்து வழக்கில் 2025-ல் 3 ஆண்டு தடை பெற்றார்.

2021 அக்டோபரில், பெண்கள் மட்டும் ஓடும் 10 கி.மீ. சாலை ஓட்டத்தில் உலக சாதனை படைத்த சில வாரங்களிலேயே ஆக்னஸ் டிரோப் இட்டெனில் உள்ள வீட்டில் கொல்லப்பட்டார். வீராங்கனைகள் மீதான குடும்ப வன்முறை குறித்து அதன்பிறகே உரத்த குரல் எழுந்தது. அவர் பெயரில் 'டிரோப்ஸ் ஏஞ்சல்ஸ்' அமைப்பும் உருவானது.

நம்ம ஊருக்கு என்ன பாடம்?

மலை இல்லையே என்று கரிசல் மண் கவலைப்பட வேண்டியதில்லை. கோவில்பட்டியின் உயரம் சுமார் 100 மீட்டர்தான். ஆனால் ஹாக்கி என்றாலே தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் அது. அங்குள்ள அரசு ஹாக்கி மையத்தில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும், 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் விளையாடினார்கள்.

உயரத்தை யாரும் உருவாக்க முடியாது. ஆனால் அக்கறையுள்ள ஒரு பி.டி. வாத்தியார், தங்கிப் பயிற்சி பெற விடுதி, கூட ஓட நாலு பேர், பாதுகாப்பான ரோடு... இதெல்லாம் எந்த ஊராலும் முடியும்.