பேய்க்கு எந்த ஊர்?

மாணவ நண்பர்களே, அச்சக் கதைகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் பணித்தபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இது ஏற்ற பொருள்தானா என்று நண்பர் ஒருவர் வினவினார். ஏற்ற பொருளே என்பது என் கருத்து. ஒரு சமுதாயம் எதனைக் கண்டு அஞ்சியது என்பதும் வரலாறே. அரசர்களின் வெற்றிகளைக் கல்வெட்டுகளில் படிக்கலாம். மக்களின் அச்சத்தைப் பேய்க் கதைகளில்தான் படிக்கமுடியும்.

மேல்நாட்டில் இவ்வகைக் கதைகளைக் 'கோதிக்' கதைகள் என்பர். இடைக்கால ஐரோப்பாவில் கோயில்களும் கோட்டைகளும் கட்டப்பெற்ற ஒரு பாணிக்கு வழங்கிய பெயர் இது. ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1764-ஆம் ஆண்டில் 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் கதையை வெளியிட்டார். மறு ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் அதனைக் 'கோதிக் கதை' என்று அவரே குறித்தார். பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, முன்னோர் செய்த பாவம், அதற்குப் பழிவாங்க எழும் ஆவி ஆகிய உறுப்புகள் அன்றுமுதல் இவ்வகைக் கதைகளுக்கு நிலைபெற்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எழுதியவர் ஆங்கிலேயர், கதை நிகழும் இடமோ இத்தாலி. ஆன் ராட்கிளிஃப் அம்மையார் 1794-இல் எழுதிய 'உடால்ஃபோ மர்மங்கள்' கதையின் கோட்டையும் இத்தாலியில்தான் இருக்கிறது. 1796-இல் மாத்யூ லூயிஸ் எழுதிய 'துறவி' ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரத்துக் கதை. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் படைத்த டிராகுலாவுக்குக் கோட்டை இருப்பது டிரான்சில்வேனிய மலைகளில். ஆங்கிலேயர் தம் அச்சத்துக்கு அயலூரிலே வீடு கட்டிக் கொடுத்தனர். தம் நாடு அறிவொளி பெற்றது, இருளெல்லாம் அடுத்தவன் நாட்டில் என்பது அவர்கள் கண்ட ஆறுதல்.

ஆங்கிலேயர் மட்டுமா அப்படிச் செய்தனர்? நான் பிறந்து வளர்ந்த தென்காசிக்கு மேற்கே சில கல் தொலைவில் செங்கோட்டை, அதற்கப்பால் புளியரை, மலையைக் கடந்தால் ஆரியங்காவு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை செங்கோட்டை அம்மலைக்கு அப்பாலுள்ள ஆட்சியோடு சேர்ந்திருந்தது. என் இளமையில் எங்கள் தெருத் திண்ணைகளில் சொல்லப்பட்ட கதைகளிலெல்லாம் பில்லி சூனியம் மலையாள நாட்டிலிருந்தே வரும். மந்திரவாதி என்றால் மலையாள மந்திரவாதிதான். காற்றும் சாரலும் வருகின்ற அதே கணவாய் வழியாகவே பேயும் வருவதாக எங்களுக்குத் தோன்றும்.

மலைக்கு அப்பால் நிலைமை என்ன? 1993-இல் வெளிவந்த 'மணிச்சித்ரத்தாழ்' என்ற மலையாளத் திரைப்படத்தைப் பாருங்கள். பழைய மாளிகை, திறக்கக்கூடாத அறை, கொலையுண்ட நாட்டியப் பெண் எனக் கோதிக் கதையின் உறுப்புகள் அனைத்தும் அதிலே உண்டு. அந்தப் பெண் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அவள் ஆவி பேசுவது தமிழ். நாம் மலையாளத்தைக் கண்டு அஞ்சியது போலவே மலையாளத்தின் பேய் தமிழ் பேசியது! இதே கதை 2005-இல் 'சந்திரமுகி' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. உடனே அந்த நடனப் பெண் ஆந்திரத்தைச் சேர்ந்தவளாகித் தெலுங்கில் பாடினாள். 2007-இல் இந்திக்குச் சென்றபோது வங்காளியானாள். கதை ஊர் மாறும்போதெல்லாம் பேயும் தன் மொழியை மாற்றிக்கொண்டது. எந்த மொழிக்காரரும் அதனைத் தம் மொழியில் பேசவிடவில்லை.

அந்த மலையாளப் படத்தின் சில காட்சிகள் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. அந்த அரண்மனை இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில். அதனைப் பேணி வருவது கேரள அரசு. செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்த அதே நாளில்தான் அப்பகுதியும் இணைந்தது. இரு மொழியாருக்கும் பொதுவான ஓர் அரண்மனையில் நின்றுகொண்டுதான், "பேய் உன்னுடையது" என்று ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுகிறோம்.

ஆகவே, அச்சக் கதையின் மறுகூறலைப் படிக்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, 'இந்தப் பேய்க்கு எந்த ஊர்?' என்பது. இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு: 'இந்தப் பேயின் வழக்கு என்ன?'

இரண்டாம் கேள்விக்கு விடை காண ஜெனீவா ஏரிக்கரைக்குச் செல்வோம். 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் தூசிப்படலம் வானில் பரவிக் கதிரவன் ஒளியை மறைத்தது. அதனால் 1816-ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 'கோடையில்லாத ஆண்டு' ஆயிற்று. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நமக்குக் கொண்டாட்டம்; அங்கே விடாது பெய்த குளிர்மழையால் விளைச்சல் கெட்டது. அந்த மழையால் வீட்டிற்குள் அடைபட்டிருந்த கவிஞர் பைரனும் அவர் நண்பர்களும் பேய்க் கதைகளைப் படித்துப் பொழுது போக்கினர். பின்பு ஆளுக்கொரு கதை எழுதுவது என்று முடிவு செய்தனர். அவர்களுள் ஒருத்தியான 18 வயது நங்கை தொடங்கிய கதையே 1818-இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. அவரே பின்னாளில் மேரி ஷெல்லி என்று புகழ்பெற்றவர்.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அன்று; அவனைப் படைத்த மாணவனின் பெயர் அது. படைக்கப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. மேரி ஷெல்லியின் நூலில் அவன் மொழி கற்கிறான். மில்டனின் காவியத்தைப் படிக்கிறான். தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கிறான். உருவத்தைக் கண்டு எல்லோரும் விரட்டிய பின்னரே கொடியவனாகிறான். 1931-இல் எடுக்கப்பெற்ற புகழ்மிக்க திரைப்படமோ அவனை உறுமுகின்றவனாகக் காட்டிற்று. மறுகூறலில் அவன் இழந்தது தன் நாவை. வழக்குரைக்க முடியாதவனை அரக்கன் என்று தீர்ப்பளிப்பது எளிது.

இந்த நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம் திருநெல்வேலிச் சீமை எழுத்தாளர் புதுமைப்பித்தன். 'பிரேத மனிதன்' என்று அதற்குப் பெயரிட்டார். அவர் காலத்துக்கு முன்பே ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் மர்மக் கதைகளை ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் மாற்றித் தமிழ்க் கதைகளாக வழங்கி, ஏராளமான வாசகர்களைப் பெற்றிருந்தனர். புதுமைப்பித்தனோ தழுவலை ஏற்கவில்லை. பிறநாட்டுக் கதை பிறநாட்டுக் கதையாகவே மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று வாதிட்டார்.

அவரே 1943-இல் எழுதிய 'காஞ்சனை' என்ற சிறுகதையில் இன்னோர் அரிய செயலைச் செய்தார். அங்கே கோட்டை இல்லை, மலைக்கணவாய் இல்லை. எழுத்தாளர் ஒருவரின் குடும்பம் நடக்கும் சாதாரண வீடு. வாசலில் வந்து நின்ற ஒரு பிச்சைக்காரி அந்த வீட்டிலேயே வேலைக்கு அமர்கிறாள். நடப்பது மெய்யா, அஞ்சுகின்றவன் மனமயக்கமா என்பதற்கு ஆசிரியர் தீர்ப்புக் கூறவில்லை. அயலூரில் குடியிருந்த அச்சம் அன்று நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. நமக்கு அடுத்தவன்மேல் பழிபோடும் வசதி அக்கதையில் இல்லை; அதன் ஆற்றலும் அதுவே.

நம்மிடம் மிகப் பழைய கதையும் ஒன்று உண்டு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலியை அறியாதார் யார்? கணவனால் கொலையுண்டவள், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையில் நின்று, "இவரே என் கணவர்" என்கிறாள். எழுபது வேளாளர் அவளை நம்பி, வணிகனின் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக வைக்கின்றனர். விடியும்போது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்து மாய்கின்றனர். திருஞானசம்பந்தர் தேவாரத்திலேயே இக்கதையின் குறிப்பு இருப்பதால் இதன் தொன்மையை உணரலாம்.

இக்கதை எத்தனை முறை மீண்டும் கூறப்பட்டது! வேளாளரின் வாய்மையைப் போற்றியவர்கள் அதனை வாய்மையின் கதையாக்கினர். சமணப் புலவர் ஒருவர் அப்பேயையே காப்பியத் தலைவியாக்கி 'நீலகேசி'யை இயற்றினார். துறவியை அச்சுறுத்த வந்தவள், அவர் அஞ்சாமை கண்டு அவரிடம் அறம் கேட்டு மாணவியாகிறாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரோடு வாதம் புரிகிறாள். பேய்க்கு நாக்குக் கொடுத்த பெருமை நம் மொழிக்கு அன்றே கிடைத்துவிட்டது.

நெல்லை, குமரிப் பகுதிகளிலே நீலி இசக்கியம்மன் ஆனாள். கொடைவிழா இரவில் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் அவள் கதையைத் தொடக்கமுதல் பாடுவர். அவள் கொன்றதை மட்டுமன்றி, அவள் கொல்லப்பட்டதையும் பாடுவர். அந்த இடம் வரும்போது, கேட்டிருக்கும் பெண்கள் கண் துடைப்பதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். முறையீட்டைக் கேட்டு முடித்த ஊர் அவளுக்குப் பொங்கலிட்டுத் தாயே என்று கும்பிடுகிறது. மலைக்கு அப்பாலும் அவள் கள்ளியங்காட்டு நீலி என்ற பெயரால் வழங்குகிறாள். 2025-இல் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளப் படம் அவளை எளியோரைக் காக்கும் வீராங்கனையாக்கியது. எல்லையின் இருபுறமும் ஒரே நீலி! இவள் எந்த ஊர்க்காரி என்று இனி யார் வழக்காடுவது?

மாணவர்களே, பேய் உண்டா இல்லையா என்று நான் இங்கே வாதிடவில்லை. உங்கள் கல்லூரி விடுதியிலோ திரையரங்கிலோ ஓர் அச்சக் கதை உங்களை நடுங்கவைத்தால், நடுங்கி முடித்தபின் அவ்விரு கேள்விகளையும் கேளுங்கள். அயல் மொழியாரையோ, அயல் சமயத்தாரையோ, ஏழைப் பெண்ணையோ பேயாக்கித்தான் அக்கதை அச்சமூட்டுகிறது என்றால், அதனை எழுதியவரின் அச்சத்தைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். பேயின் முறையீட்டை அது செவிமடுத்துக் கேட்டிருந்தால், அது நல்ல கதை. செங்கோட்டைக் கணவாயில் இன்றும் காற்று இரு பக்கமும் வீசுகிறது. கதைகளும் அவ்வாறே போய் வரட்டும்.