காறை எலும்பு ஒடிந்தால் விரலைக் கேளுங்கள்

காறை என்பது கழுத்தோடு ஒட்டி அணிந்த பழைய நகை. அது படியும் இடத்தில், தோலுக்கடியில் தடவினாலே தட்டுப்படும் எலும்புக்கும் அந்த நகையின் பெயரே வாய்த்தது. கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவது காறை எலும்பு. ஏறத்தாழ 25 வயதில், எல்லாவற்றுக்கும் கடைசியாக முழுமை பெறுவதும் அதுவே.

அதன் நடுப்பகுதி மெலிந்தது. முறிவுகளில் ஐந்தில் நான்கு அங்கேதான் நேர்கின்றன. அதற்கு நேர் கீழேதான் கழுத்துப் பக்கம் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கைக்கு இறங்குகின்றன. கைக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாய்களும் உடன் வருகின்றன. இடையில் ஒரு சிறு தசை மெத்தைபோலக் கிடந்து காக்கிறது. இந்தக் காவல் இருப்பதால் நரம்பும் குழாயும் பெரும்பாலும் தப்புகின்றன; முறிவுகளில் பெரும்பாலானவை, கழுத்திலிருந்து துணித்தூளி கட்டிக் கையைத் தாங்கினாலே கூடிவிடுகின்றன. காவல் தவறினால் என்ன ஆகும்? பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் 1850 ஜூன் 29 அன்று குதிரையிலிருந்து விழுந்தார். முறிந்த காறை எலும்பின் கீழ் ரத்தக் குழாய் கிழிந்தது. ஜூலை 2 அன்று அவர் உயிர் பிரிந்தது.

நம் புதுச்சேரிப் பக்கத்தில் குதிரையின் இடத்தைப் பைக் பிடித்துக்கொண்டது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகும் சாலையிலும், பாகூரிலிருந்து கடலூர் போகும் வழியிலும் கரும்பு ஏற்றிய டிராக்டரும் பைக்கும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. தூக்கி எறியப்பட்டவரின் தோள் தரையில் மோதிக் கீழே அழுந்தும்போது, தலை எதிர்ப்பக்கம் சாய்கிறது. நடுவில் நரம்புகள் கயிறாக இழுபடுகின்றன. ஒடிந்த எலும்பு நரம்பைக் குத்துவது அரிது; இந்த இழுப்புத்தான் பெரிய பகை.

இழுபட்ட கை துவண்டு கிடக்கும். 'வலியில் தூக்க மாட்டேங்கிறான்' என்று வீட்டார் நினைப்பார்கள். தவறு நேர்வது இங்கேதான். தோளை அசைத்தால் வலிக்கும், உண்மை. விரலை அசைக்க வலி தடையாகாது. ஆகவே கையை உடம்போடு சேர்த்து வைத்தபடியே கேளுங்கள்: கட்டைவிரலை நிமிர்த்து. கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வளையம் செய். விரல்களை விசிறிபோல விரி. முழங்கையை மடக்கு. பிறகு சுண்டுவிரல் நுனியையும் தோளின் வெளிப்புறத்தையும் தொட்டு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல உறைக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. ஒன்று தவறினாலும் எலும்பு மருத்துவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

ஆபத்து அன்றோடு முடிவதில்லை. எட்டு வடிவில் இறுக்கிக் கட்டிய கட்டு அக்குளில் நரம்பை அழுத்தலாம். சில மாதங்கள் கழித்து, கூடிய இடத்தில் எலும்பு புடைத்தோ, கூடாமல் ஆடிக்கொண்டோ கீழேயுள்ள நரம்பை நெரிக்கலாம். அப்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், பிடி தளரும். நாட்டு வைத்தியரிடம் புத்தூர் கட்டுப் போட்டவர்களும் இந்த அறிகுறியை அசட்டை செய்யக் கூடாது.

நரம்புக்குப் பருவம் உண்டு. அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். காறை எலும்பிலிருந்து உள்ளங்கைத் தசைகள் 600 மில்லிமீட்டருக்கும் மேல். அங்கே போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். தசையோ ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான் காத்திருக்கும். பிறகு சுருங்கி நாராகிவிடும். அறுபடாமல் வெறுமனே இழுபட்ட நரம்பு பெரும்பாலும் தானாகத் தேறும். மூன்று மாதமாகியும் அசைவு திரும்பாவிட்டால், ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லது. பாகூர் உழவருக்கு மூன்று மாதம் என்பது ஏறக்குறைய ஒரு போகம். இந்தப் போகம் தவறினால் மறு நடவு இல்லை.

உரிய காலத்தில் வந்தவருக்கு வழி இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்தோஃப் ஓபர்லின் 1994 இல் ஒரு முறையை வெளியிட்டார். சுண்டுவிரல் பக்கம் போகும் நரம்பிலிருந்து ஓர் இழையை எடுத்து, முழங்கையை மடக்கும் தசைக்கு இணைப்பது அது. மடங்காத கை மீண்டும் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறது.

  பாகூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அங்கே போகும் நேரத்தை முடிவு செய்வது, விழுந்தவர் பக்கத்தில் முதலில் நிற்பவர். அவர் ஆஷா பணியாளராக இருக்கலாம், பள்ளி மாணவராக இருக்கலாம். தோளைத் தொடும் முன் விரலைக் கேட்க அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.