விழிஞ்ஞக் கடற்கரையில் கிறித்து பிறப்பு விழா: சொல்வழி ஒரு வரலாறு

ஒரு விழாவின் மாற்றங்களைக் குறித்துவைத்த ஏடுகள் குறைவாக உள்ள இடத்தில், அவ்விழாவில் வழங்கும் சொற்களே வரலாற்றுச் சான்றாக அமைகின்றன. விழிஞ்ஞம் அத்தகைய இடமாகும். ஆய் மன்னரின் துறைமுகமாக விளங்கிய இவ்வூரைப் பாண்டியன் நெடுஞ்சடையன் கைப்பற்றிய செய்தியைச் சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கிய இக்கரையில் முக்குவர் கொண்டாடும் கிறித்து பிறப்பு விழா, பல தலைமுறையினரின் கூட்டு உழைப்பால் உருவானது. அவ்வுழைப்பின் தடம் விழாச் சொற்களில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. செபம் உருவான முறை

பிரான்சிசு சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அறியாத அவர், இரு மொழியும் அறிந்தோரைக் கூட்டிப் பல நாள் உழைத்துச் செபங்களைத் தமிழாக்கியதாகத் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். எனவே இக்கரைகளில் வழங்கிய தொடக்ககாலச் செபமொழிபெயர்ப்பு ஒரு குழுவின் ஆக்கமே எனலாம். அதில் பிழையும் நேர்ந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் அமைந்திருந்தது. அது விருப்பத்தையே குறிக்கும் என உணர்ந்த சவேரியார், 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அதனைத் திருத்தச் சொன்னார்.

அவ்வாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரு மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாக, 1545 சனவரி 27ஆம் நாள் கொச்சியிலிருந்து அவர் எழுதினார். டிசம்பர் நடுவிலேயே அவர் கொச்சியை அடைந்துவிட்டார். ஆகவே அம்மக்களுக்கு முதல் கிறித்து பிறப்பு நாள், அவர் உடன் இல்லாத நாளாகவே வந்தது. அவர் ஊர்தோறும் எழுதி வைத்துச் சென்ற செபங்களே அவர்களிடம் எஞ்சின. 1578இல் அண்டிரிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ இதே கரையின் வடபால் உள்ள கொல்லத்தில் அச்சேறியபோது, செபமொழி அச்சுவடிவும் பெற்றது.

2. விழாவின் பெயர்கள்

விழாப் பெயரோ பல வழிகளில் வந்தது. போர்த்துகீசிய ‘நத்தால்’ ஈழத்தமிழில் ‘நத்தார்’ என இன்றும் வழங்குகிறது. சுரியானி மரபினர் கொண்ட ‘யல்தா’ என்னும் சொல்லின் சாயல், கேரளத்தில் ‘எல்தோ’ என்னும் ஆட்பெயரில் காணப்படுகிறது. ஆங்கிலவழி வந்த ‘கிறிஸ்துமஸ்’ பிற்காலத்தில் பொதுவழக்காயிற்று. இப்பெயர்கள் குருமாரோடும் ஆட்சியோடும் வந்தவை. ஆட்சியும் வழிபாட்டு மரபும் மாறியபோது இவற்றின் வழக்கும் மாறியது.

3. பொருள்களின் பெயர்கள்

மக்கள் தம் கையால் செய்த பொருள்களின் பெயர்கள் வேறு வகையின. பிறப்புக் காட்சியை அமைக்கும் வழக்கம் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் 1223இல் அசிசி பிரான்சிசு நடத்திய நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படுகிறது. வழக்கம் அயலது, பெயரோ அயலதன்று. மலையாளத்தில் அது ‘புல்க்கூடு’, தமிழில் ‘குடில்’. புல்லும் ஓலையும் மூங்கிலும் கொண்டு அண்டை அயலார் கூடிச் செய்த பொருளுக்கு அவர்தம் சொல்லே நிலைத்தது. பரிசு கொணரும் முதியவரும் மலையாளத்தில் ‘அப்பூப்பன்’, தமிழில் ‘தாத்தா’ என உறவுமுறைப் பெயர் பெற்றார்.

இதற்கு விலக்கும் உண்டு. இளைஞர் வீடுதோறும் சென்று பாடுவது கூட்டுச் செயலே. எனினும் ‘கரோல்’ என்னும் ஆங்கிலச் சொல் மாறவில்லை. பாட்டின் வடிவம் ஆயத்தமாகவே வந்து சேர்ந்தமை இதற்குக் காரணமாகலாம்.

4. எல்லையும் மொழியும்

1930இல் கோட்டாறு மறைமாவட்டமும் 1937இல் திருவனந்தபுரம் மறைமாவட்டமும் அமைந்தன. 1956 நவம்பர் 1இல் தென் திருவிதாங்கூரின் தமிழ்ப்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தபோது, ஒரே கரையின் முக்குவருள் வடபாலார் மலையாளத்திலும் தென்பாலார் தமிழிலும் திருப்பலி காணலாயினர். ஒரே பொருள் ஒருபுறம் புல்க்கூடாகவும் மறுபுறம் குடிலாகவும் நிற்பதற்கு இப்பிரிவும் ஒரு காரணமாகும்.

முடிவுரை

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் விழிஞ்ஞம், பூந்துறை முதலிய ஊர்களின் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. நான்கு வாரத்திற்குள் வந்த விழாவை அக்கரை ஆரவாரமின்றிக் கழித்தது. கூடிக் கொண்டாடும் ஊரே கூடி அடங்கவும் அறியும் என்பதற்கு அது சான்று.

இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கு ஒன்றை உணர்த்துகிறது. விழிஞ்ஞத்தின் புல்க்கூட்டைத் தமிழில் ‘குடில்’ என்று பெயர்த்தால் பொருள் கிட்டும். எல்லைக்கு அப்பாற்பட்ட ஊரின் உழைப்பு மறையும். ‘வேணும்’ என்பதற்கும் ‘விசுவசிக்கிறேன்’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை 1544இலேயே கண்ட கரை அது. அங்கு வழங்கும் சொல்லை அப்படியே வைத்து, பொருளை ஒருமுறை விளக்கிச் செல்வதே தகும்.