செப்டிக் அதிர்ச்சி

நோய்த்தொற்றை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டம் கட்டுமீறி, தன் உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கும் நிலை செப்சிஸ் எனப்படும். அது முற்றி, இரத்த ஓட்டமும் உயிரணுக்களின் வளர்சிதைமாற்றமும் நிலைகுலையும் கட்டமே செப்டிக் அதிர்ச்சி. போதிய திரவம் ஏற்றிய பின்னும் சராசரித் தமனி அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவில் வைத்திருக்க இரத்தநாளங்களைச் சுருக்கும் மருந்து தேவைப்படுவதும், இரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டுவதும் ஒருசேர அமைய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை. இவ்விரண்டும் உள்ளவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலேயே இறக்கின்றனர்.

நிமோனியா, சிறுநீர்ப்பாதைத் தொற்று, குடல் துளைபட்டு வயிற்றறையில் பரவும் தொற்று ஆகியவை இதற்கு வழக்கமான தோற்றுவாய்கள். அழற்சியின்போது பெருகும் நைட்ரிக் ஆக்சைடால் இரத்தநாளங்கள் விரிய, நுண்குழாய்களின் சுவர் கசிந்து திரவம் திசுக்களுக்குள் இறங்க, ஆங்காங்கே நுண்ணிய இரத்தக்கட்டிகள் அடைக்க, உறுப்புகள் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றன. குழப்பம், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவை முன்னறிகுறிகள். காய்ச்சல் இருந்தே தீரும் என்பதில்லை; முதியோரில் உடல் குளிர்ந்தும் போகலாம்.

அதிர்ச்சி ஐயம் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்குவதும், அதற்கு முன்பே, காலம் தாழாதவாறு, இரத்தத்தை வளர்சோதனைக்கு எடுப்பதும் சிகிச்சையின் முதற்படி. தொற்றின் தோற்றுவாய் சீழ்க்கட்டியாக இருந்தால், அதை வடிக்காமல் மருந்தை மட்டும் நம்புவது பெரும்பாலும் வீண். அழுத்தத்தை உயர்த்த நார்எபிநெப்ரினும், அது போதாதபோது வாசோபிரெசினும், தொடர்ந்து தேவைப்பட்டால் ஹைட்ரோகார்ட்டிசோனும் தரப்படுகின்றன.

நெடுங்காலச் சர்ச்சைக்குரியது திரவம் ஏற்றுவதே. மையச் சிரையின் அழுத்தம், ஆக்சிஜன் ஆகியவற்றை அளந்தபடி, திரவம் ஏற்றுவது உள்ளிட்ட முதல் 6 மணி நேரச் சிகிச்சையை நடத்தினால் இறப்பு 46.5 விழுக்காட்டிலிருந்து 30.5 விழுக்காடாகக் குறையும் என்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அம்முறை வழக்கமான சிகிச்சையை விஞ்சவில்லை. அதற்குள் வழக்கமான சிகிச்சையே விரைவுபெற்றிருந்தது என்பதையும் கருத வேண்டும். இதனிடையே, கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் கடுங்காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவும் உள்ள குழந்தைகளுக்கு விரைந்து திரவம் ஏற்றியபோது இறப்பு கூடியதை 2011ஆம் ஆண்டு ஆய்வு வெளிப்படுத்தியது. தீவிர சிகிச்சை வசதி அரிதான இடங்களில் பெறப்பட்ட அம்முடிவை எல்லா இடங்களுக்கும் அப்படியே பொருத்துவது சரியன்று. வயதுவந்தோருக்கு முதல் 3 மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் என்ற அளவு முன்னர் உறுதியாக வலியுறுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் அதை வலுக்குறைந்த பரிந்துரையாக இறக்கிவிட்டது.