மாட்டுக் கொலிஜும் மற்றக் கொலிஜும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் புதிதாகக் குடிபோகிற ஆக்களிடம் அயலவர்கள் கெதியிலேயே கேட்கிற கேள்வி ஒண்டு இருக்கிறது: "நீங்கள் அலபாமாவா, ஓபர்னா?" ரெண்டும் பல்கலைக்கழகங்கள். ரெண்டும் ஒரே மாநிலத்தின் காசில் வளர்ந்தவை. கேட்கிறவர் அந்த ரெண்டில் எதற்குள்ளும் ஒரு நாள்கூடப் படிக்கப் போகாதவராக இருக்கலாம், அது பிரச்சினை இல்லை. பதில் சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை.

அவர்கள் ஃபுட்போல் எண்டு சொல்வது எங்கட உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், றக்பியின் வழியில் வந்த ஒரு முரட்டு ஆட்டம். அதன் விதிகளை இங்கே விளக்கப்போவதில்லை. நாங்களே பாதிதான் விளங்கிக்கொண்டோம். ஆனால் ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகள் எதிலும் அலபாமாவுக்கென்று ஓர் அணி இல்லை. வேறு ஊர்ச் சனம் நாலைந்து அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற விசுவாசம் முழுவதும் இங்கே ரெண்டு கொலிஜ்களுக்குள் போய் இறுகிக் கிடக்கிறது.

ஆனால் இந்தப் பகை மைதானத்தில் பிறக்கவில்லை. அது காணியிலும் காசிலும் பிறந்தது. ரஸ்கலூசாவில் இருக்கிற அலபாமாப் பல்கலைக்கழகம் 1831 இல் திறக்கப்பட்டது. மாநிலத்தின் சட்டத்தரணிகளும் அரசியல்வாதிகளும் அங்கேதான் உருவானார்கள். உள்நாட்டுப் போர் முடிகிற தறுவாயில், 1865 ஏப்ரலில், வடக்குப் படைகள் அதன் பெரும்பாலான கட்டடங்களை எரித்துவிட்டுப் போயின. இதற்கு முன்னரே, 1862 இல், அமெரிக்கக் காங்கிரஸ் மொரில் சட்டம் எண்டு ஒண்டை நிறைவேற்றியிருந்தது. விவசாயமும் பொறியியலும் படிப்பிக்கிற கொலிஜ்களைத் தொடங்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் காணி கொடுக்கிற சட்டம். காங்கிரஸில் இருக்கிற ஓர் உறுப்பினருக்கு 30,000 ஏக்கர் எண்ட கணக்கு. (அந்தக் காணிகள் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தவை எண்டதை இந்தக் கதையைச் சொல்கிற ஆக்கள் பெரும்பாலும் சொல்லாமல் தாண்டிப் போவார்கள்.) போர் முடிந்த பிறகு அலபாமாவுக்கும் அதன் பங்கு கிடைத்தது. எரிந்துபோய்க் கிடந்த ரஸ்கலூசா அதை எதிர்பார்த்தது. 1872 இல் மாநிலம் அதைக் கிழக்கே ஓபர்ன் எண்ட சின்ன ஊருக்குக் கொடுத்தது. அங்கே காசில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு மெதடிஸ்த கொலிஜ், ஒரே நாளில் மாநிலத்தின் விவசாய, தொழில்நுட்பக் கொலிஜ் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் இழுபறிதான். ஒண்டுக்குக் கிடைத்த டொலர் மற்றதிலிருந்து பிடுங்கிய டொலர் எண்டுதான் ரெண்டு பக்கமும் நினைத்தது. இந்த மனநிலையோடுதான் 1893 பெப்ரவரி 22 இல், பேர்மிங்ஹாமில், முதல் தடவையாக ரெண்டு அணிகளும் மோதின. ஓபர்ன் 32–22 எண்டு வென்றது.

1907 ஆட்டம் 6–6 எண்டு சமநிலையில் முடிந்தது. அடுத்த வருட ஒப்பந்தம் பேச இருந்தபோது எத்தனை வீரர்களைக் கூட்டிவருவது, ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் எவ்வளவு, நடுவர் எந்தப் பக்கத்து ஆள் எண்டதில் பிடுங்குப்பட்டார்கள். காசில் இருந்த வித்தியாசம் மொத்தம் 34 டொலர் எண்டுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒருவழியாக உடன்பாட்டுக்கு நெருங்கியபோது அந்தப் பருவத்துக்கு நாள் இல்லாமல் போய்விட்டது. சரி, அடுத்த வருடம் பார்ப்போம் எண்டு விட்டார்கள். அந்த அடுத்த வருடம் வர 41 வருடங்கள் எடுத்தது.

இந்த 41 வருடங்கள்தான் எங்களுக்குச் சுவாரசியமாக இருக்கிறது. ரெண்டு உலகப் போர்கள் வந்து போயின. ஆடாமலே பகை வளர்ந்தது. ஆடியிருந்தால் தோல்வியும் வெற்றியும் மாறி மாறி வந்து கொஞ்சம் சூடு தணிந்திருக்கும் எண்டு எங்களுக்குப் படுகிறது. ஆடாதபடியால் ரெண்டு பக்கமும் தாங்கள்தான் பெரியவர்கள் எண்டு நிரூபிக்காமலே நம்பிக்கொண்டிருக்க முடிந்தது. கடைசியில் 1947 இல் மாநில சட்டமன்றமே ஆடச் சொல்லித் தீர்மானம் போட வேண்டி வந்தது. 1948 டிசம்பர் 4 இல் மீண்டும் ஆடினார்கள். அதற்கு முன் மாணவர் தலைவர்கள் ரெண்டுபேரும் பேர்மிங்ஹாம் பூங்கா ஒன்றில் குழி தோண்டி ஒரு கோடரியைப் புதைத்தார்கள், பகையைப் புதைக்கிறோம் எண்டு அர்த்தம். ஆட்டத்தில் அலபாமா 55–0 எண்டு வென்றது. கோடரி எவ்வளவு ஆழத்தில் போனதோ தெரியாது. அடுத்த வருடமே ஓபர்ன் 14–13 எண்டு திருப்பிக் கொடுத்தது.

"மாட்டுக் கொலிஜ்" எண்ட வசவு அந்த 1872 முடிவின் வால்தான். விவசாயம் படிக்கிறவன் பட்டிக்காட்டான், சட்டம் படிக்கிறவன் பெரிய இடத்துப் பிள்ளை. அலபாமாவின் பயிற்றுநராக 1958 முதல் 1982 வரை இருந்து, அந்த மாநிலத்தில் கிட்டத்தட்டக் கடவுளாகிப்போன பெயர் பிரயன்ற்கூட ஓபர்னை அப்படித்தான் நக்கலடித்தார். இவ்வளவுக்கும் அவரே ஆர்கன்சோவில் ஏழை விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1972 இல் அவருடைய அணி பத்து ஆட்டங்களிலும் தோற்காமல் வந்து, கடைசிக் கால்பகுதியில் 16–0 எண்டு முன்னால் நின்றது. ஓபர்ன் முதலில் மூன்று புள்ளி எடுத்தது. பிறகு அலபாமா உதைத்த பந்தை பில் நியூற்றன் மறித்தார், டேவிட் லாங்னர் அதை எடுத்துக்கொண்டு ஓடிப் புள்ளி போட்டார். சில நிமிடங்களில் அதே ரெண்டு பேர், அதே விதமாய், இன்னொருக்கா. 17–16. மாட்டுக் கொலிஜ் வென்றது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் தொடர்ந்து தோற்றது எண்டதை ஓபர்ன்காரர் அவ்வளவாகக் கதைப்பதில்லை.

மைதானமும் ஒரு சண்டை. 1948 இல் மீண்டும் தொடங்கிய பிறகு ஆட்டம் பேர்மிங்ஹாமில்தான் நடந்துவந்தது. ரிக்கெற் ரெண்டு பக்கத்துக்கும் சரிபாதி. ஆனால் அலபாமா தன் வேறு ஆட்டங்களையும் அங்கே ஆடிக்கொண்டிருந்தது, அப்படியானால் அது எப்படிப் பொது இடம் எண்டு ஓபர்ன் கேட்டது. நியாயமான கேள்விதான். 1989 டிசம்பர் 2 இல்தான் அலபாமா முதல் தடவையாக ஓபர்னுக்குப் போய் ஆடியது, 30–20 எண்டு தோற்றது. பேர்லின் சுவர் விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓபர்ன் பயிற்றுநர் பற் டை ரெண்டையும் ஒப்பிட்டார். கொஞ்சம் மிகைதான்.

இந்தப் பகையைப் பற்றி எழுதுகிற ஆக்கள் அதிகம் தொடாத பக்கம் ஒண்டும் இருக்கிறது. இவ்வளவு வெட்டுக்குத்துப்பட்ட ரெண்டு கொலிஜ்களும் ஒரு விசயத்தில் ஒற்றுமையாக இருந்தன: கறுப்பின மாணவர்களை உள்ளே விடுவதில்லை. 1956 இல் ஓதரின் லூசி ரஸ்கலூசாவுக்குள் காலடி வைத்தபோது கும்பல் கூடிக் கலவரம் செய்தது, நிர்வாகம் அவரைத்தான் வெளியேற்றியது. 1963 ஜூனில் ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் அதே வளாகத்தின் வாசலை மறித்து நின்றார். ஓபர்னில் ஹரல்ட் ஃப்ராங்ளின் சேர்ந்தது 1964 ஜனவரியில். ரெண்டு அணிகளிலும் கறுப்பின வீரர்கள் ஆட 1970 களாயிற்று. இண்டைக்கு அந்த அணிகளைத் தூக்கி நிறுத்துகிறவர்களில் பெரும்பங்கு அவர்கள்தான்.

2010 நவம்பரில் ரஸ்கலூசாவில் அலபாமா 24–0 எண்டு முன்னால் நின்றது. கம் நியூற்றன் தலைமையில் ஓபர்ன் 28–27 எண்டு வென்றது. ஓபர்ன் வென்றால் சனம் ஊர்ச் சந்தியில் இருக்கிற ரெண்டு பழைய ஓக் மரங்களுக்கு ரொய்லற் பேப்பர் எறிந்து வெள்ளையாக்கிக் கொண்டாடும். 2011 ஜனவரியில் ஓர் அலபாமா ரசிகர் விளையாட்டு வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த மரங்களுக்கு நஞ்சு வைத்துவிட்டேன் எண்டார். உண்மைதான். ஆள் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். வேருக்குப் போட்டது கடுமையான களைகொல்லி. குற்றத்தை ஒப்புக்கொண்டு மறியலுக்கும் போனார். 130 வருடத்துக்கு மேல் நின்ற மரங்கள் 2013 ஏப்ரலில் தறிக்கப்பட்டன.

இதற்கிடையில் 2011 ஏப்ரல் 27 இல் சூறாவளி ஒன்று ரஸ்கலூசாவை உழுதுவிட்டுப் போனது. அப்போது மரங்களுக்கு நஞ்சு வைத்த செய்தி வந்து மூன்று மாதமும் ஆகவில்லை. அந்தச் சந்தியின் பெயரிலேயே ஓபர்ன் ரசிகர்கள் ஓர் உதவிக் குழுவைத் தொடங்கி, காசும் சாமான்களும் சேர்த்து ரஸ்கலூசாவுக்கு அனுப்பினார்கள்.

பகை முடியவில்லை. 2013 நவம்பர் 30. 28–28, ஒரே ஒரு செக்கன் மிச்சம். அலபாமா தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தை எட்டாமல் விழ, கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடினார். 34–28. சனம் வழமைபோலச் சந்திக்குப் போனது. அங்கே மரம் இல்லை. தூண் நட்டுக் கம்பி கட்டியிருந்தார்கள். விடிய விடிய ரொய்லற் பேப்பரை அந்தக் கம்பியில் எறிந்தார்கள்.