ஓட்டுக்கு வெளியே நின்ற காபித் தோட்டம்

1917 டிசம்பர் 18. இந்தியா மந்திரி மாண்டேகு மதராஸ் வந்திருந்தார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து, ஆண்களுக்குத் தரும் ஓட்டுரிமையைப் பெண்களுக்கும் தர வேண்டும் என்று கேட்டது. இதற்கு ஏற்பாடு செய்தவர் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்தில் பெண்களின் ஓட்டுக்காகப் போராடிச் சிறை சென்றவர். அந்த ஆண்டு மே மாதம்தான் அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோரோடு சேர்ந்து அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1921இல் மதராஸ் சட்டசபை, பெண் என்ற காரணத்துக்காக ஓட்டு மறுக்கும் விதியை நீக்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலில் செய்தது நாம்தான்.

இந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அன்றைய ஓட்டு, சொத்தும் வரிக் கணக்கும் உள்ளவர்களுக்கு மட்டும். அந்த விதியை ஏற்காட்டு மலையில் பொருத்திப் பாருங்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பது உடனே தெரிந்துவிடும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில். கொண்டு வந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். மலையாளிப் பழங்குடிகள் காலங்காலமாகப் புழங்கிய சரிவுகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்காரர்களின் எஸ்டேட்டுகளாயின. மலைமக்களோடு, சமவெளியிலிருந்து பிழைப்புக்காக ஏறி வந்தவர்களும் அங்கே கூலிகளானார்கள். காபிப் பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் காயும் பழமும் கலந்து நிற்கும். சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். அதே செடிக்கு மறுபடியும் வர வேண்டும். பழம் பறிப்பு, களை எடுப்பு, தரம் பிரிப்பு எல்லாம் பெரும்பாலும் பெண்களின் கையில்தான். அதையே காரணமாக்கி அதற்கு ‘பெண்ணாள் வேலை’ என்று பேர் வைத்தார்கள், கூலியையும் குறைத்தார்கள். விரல்களின் பொறுமைக்கு முதலாளி தனியாக ஒரு காசும் தரவில்லை.

1894இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் ஏற்காட்டில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். பெண் கல்வி வரலாற்றில் அதற்கு இடமுண்டு, மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் பழம் பறித்தவளின் மகள் அம்மாவோடு தோட்டத்துக்குத்தான் போனாள்.

இந்திய மாதரைக் கொடுமையிலிருந்து மீட்பதே தங்கள் ஆட்சியின் நியாயம் என்று ஆங்கிலேயர் சொல்லிவந்தார்கள். அந்தப் பேச்சை உரசிப் பார்க்க ஒரே ஒரு மனிதர் போதும்: கர்சன் பிரபு. அவர் வைஸ்ராயாக இருந்த காலத்தில், 1903இல் மதராஸ் மாகாணத்துக்குத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. முன்பணம் வாங்கிய கூலி ஒப்பந்தத்தை மீறினால் தண்டனை. முதலாளிகள் விரும்பிக் கேட்ட சட்டம் அது. அதே கர்சன் ஊர் திரும்பியபின், 1912 முதல், பெண்களுக்கு ஓட்டு கூடாது என்று இங்கிலாந்தில் இயங்கிய சங்கத்துக்குத் தலைவரானார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் குரோமர் பிரபு. எகிப்தை ஆண்டபோது அந்நாட்டுப் பெண்களின் முக்காட்டுக்காக வருந்தியவர். இவர்களிடம் பெண் விடுதலையைக் காலனிக்கு மட்டுமே ஏற்றுமதி செய்யும் சரக்காகக் காண்கிறேன்.

நம் பக்கத்துச் சனாதனிகள் சும்மா இருந்தார்களா? 1858 பிரகடனத்தில் மத விஷயங்களில் தலையிட மாட்டோம் என்று விக்டோரியா ராணி கொடுத்த வாக்கை அவர்கள் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்கள். 1927இல் அமெரிக்கர் காத்தரின் மேயோ ‘மதர் இந்தியா’ எழுதினார். பால்ய மணத்தைக் காட்டி, இவர்களுக்குச் சுயராஜ்யம் எதற்கு என்று கேட்கும் புத்தகம் அது. அந்த அவமானத்தின் சூட்டில் விவாதிக்கப்பட்ட, பால்ய மணத்தைத் தடுக்கும் சாரதா மசோதாவை, டெல்லி சட்டசபையில் சாஸ்திரத்தின் பெயரால் எதிர்த்தவர்களில் மதராஸ்காரரான எம்.கே. ஆச்சார்யாவும் ஒருவர். முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியிருந்தது: மேயோவிடம் நாட்டுக்காக, ஆச்சார்யாக்களிடம் சிறுமிகளுக்காக. 1929இல் சட்டம் நிறைவேறி, பெண்ணின் மண வயது 14 ஆனது. அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் சாம்ராஜ்யமும் சாஸ்திரமும் பெண்ணின் உடலை வைத்து வழக்காடிய அத்தனை ஆண்டுகளும், அவள் உழைப்புக்கு என்ன கூலி என்ற கேள்வி ஓரமாகவே கிடந்தது. அதில் இரண்டு தரப்பு முதலாளிகளுக்கும் சௌகரியம் இருந்தது.

தோட்டத்துப் பெண்ணுக்கு ஓட்டு வந்தது சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில்தான். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டாயம் என்றது. சட்டம் பெரிய தோட்டங்களைக் குறிவைத்து எழுதப்பட்டதால், சிறிய தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். சர்வதேச மகளிர் ஆண்டான 1975இல் சம ஊதிய அவசரச் சட்டம் வந்தபோது, அது முதலில் அமலானது தோட்டங்களில்தான். காபி வந்து ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பிறகு.

சட்டம் மட்டும் போதாது என்பதை 2015 செப்டம்பரில் மூணாறின் தமிழ்ப் பெண்கள் நிரூபித்தார்கள். போனஸைக் குறைத்த தேயிலைக் கம்பெனியை எதிர்த்து ‘பெம்பிளை ஒருமை’ என்று ஆயிரக்கணக்கில் தெருவில் அமர்ந்தார்கள். தங்கள் பெயரால் பேசிவந்த ஆண் சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்தார்கள். போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதத்தை வாங்கிய பிறகே எழுந்தார்கள். தமிழ்ப் பெண்ணிய வரலாற்றை எழுதும்போது அடையாறுக்குத் தரும் பக்கங்களை இவர்களுக்கும் தர வேண்டும் என்பது என் கட்சி.

1975க்கு முன்னால் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் கூடை சுமந்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அன்று என்ன கூலி வாங்கினார், பக்கத்து நிரையில் நின்ற ஆணுக்கு என்ன கிடைத்தது, கைக்குழந்தையை எங்கே படுக்க வைத்தார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)